“நாளை வருகிறேன்” என்றவர் ஏன் வரவில்லை?



வெள்ளிதோறும் நாம் ஓதிவரும் கஹ்ஃபு அத்தியாயத்தில் ஒரு சுவர் வேலை இடம்பெறுகிறது. பசியோடு வந்த மூஸா (அலை), ஹிள்ரு (அலை) ஆகிய இருவருக்கும் உணவளிக்க மறுத்த ஊர் அது. அங்கே விழவிருந்த ஒரு சுவரை ஹிள்ரு (அலை) அவர்கள் நிமிர்த்தி வைத்தார்கள். இதற்குக் கூலி பெற்றிருக்கலாமே என்றார்கள் மூஸா (அலை) அவர்கள். சுவரின் அடியில் இரு அநாதைச் சிறுவர்களுக்குரிய புதையல் இருந்தது. அதைக் காக்க இறை கட்டளைப்படி நடந்த வேலையாதலால் அதற்குக் கூலி பெறப்படவில்லை.

நம் இல்லத்திற்கு வரும் கொத்தனார் ஹிள்ரு அல்லர். அவருக்கும் குடும்பமுண்டு, அன்றாடச் செலவுண்டு. இதை மறந்துதான், “சின்ன வேலைதானே, வரமாட்டேன் என்கிறாரே!” என்று நாம் சலித்துக்கொள்கிறோம்.

என் வயது முதிர்ந்த தாயார் குனிய இயலாதவர்கள். அவர்கள் அமர்ந்து ஒளூச் செய்ய ஒரு சிறு திண்ணை, சற்று உயரத்தில் ஒரு குழாய், பிடித்தெழச் சுவரில் ஒரு கைப்பிடி ஆகியன வேண்டியிருந்தன. சோமனூரில் மூவரை அழைத்தேன். மூவரும் வந்து பார்த்து, “நாளை வருகிறேன்” என்று சென்றார்கள், எவரும் வரவில்லை. இதற்கிடையே ஒருநாள் தாயார் வழுக்கி விழுந்தார்கள். இறையருளால் எலும்பு முறியவில்லை.

அதன் பின்னரே ஒருவரின் இல்லம் தேடிச் சென்று காரணம் கேட்டேன். “அரைநாள் வேலைக்கு நானும் சித்தாளும் வந்தால் அன்றைக்கு வேறெங்கும் போக முடியாதுங்க, ஹஜ்ரத். உங்க வீட்டில் இருப்பது பழைய இரும்புக் குழாய், தொட்டால் உடையும். பழி என் மேல் வரும்” என்றார்.

இரண்டும் நியாயமே! தேங்கிக் கிடந்த மற்றச் சில்லறை வேலைகளையும் சேர்த்து ஒரு முழுநாள் வேலையாக்கித் தாளில் எழுதினேன். கூலியை முன்னரே பேசி முடித்தேன். குழாய் உடைந்தால் செலவு என்னுடையது என்றேன். மறுவாரமே வேலை முடிந்தது.

கூலியை அறிவித்த பின்னரே ஆளை அமர்த்த வேண்டுமென்பதும், வியர்வை உலருமுன் அதைக் கொடுத்துவிட வேண்டுமென்பதும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. நம்மூராருக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஒப்புக்கொண்ட நெசவுக் கூலி உயர்வு வழங்கப்படவில்லை என்று 2022 ஜனவரியில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலி விசைத்தறியாளர்கள் தறிகளை நிறுத்தியதைக் கண்டவர்களன்றோ நாம்!

தொழிலாளியின் தயக்கம் சிலவேளை நமக்கு நன்மையாகவும் அமையும். 1,000 லிட்டர்த் தொட்டி நிரம்பினால் நீரின் எடை மட்டுமே 1,000 கிலோ. “இந்தப் பழைய தளம் தாங்காது” என்று ஒருவர் மறுத்தால், தலையாட்டும் வேறொருவரைத் தேடாதீர்கள். 2017 செப்டம்பர் 7 அன்று மழையில் நம் சோமனூர்ப் பேருந்து நிலையத்தின் கூரை இடிந்து ஐந்து உயிர்கள் பிரிந்ததை மறக்க இயலுமா?

தொழில் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு சொல். “இன்ஷா அல்லாஹ்” என்பது வராமலிருப்பதற்கான சாக்கு அன்று. இயலாதெனில் இயலாதென்றே சொல்லிவிடுங்கள். உங்கள் சொல்லை நம்பி எங்கோ ஒரு தாய் காத்திருக்கக்கூடும்.

அழைக்கும் நாமும், வரும் அவரும் வாக்கைப் பேணும் நன்மக்களாக வாழ வல்ல அல்லாஹ் நல்லருள் புரிவானாக! ஆமீன்.