சார், என்னை எப்போ சார் இறக்குவீங்க?

எட்டாவது படிக்கும்போது நான் ஸ்கூல் ஃபுட்பால் டீம்ல இருந்தேன். 'இருந்தேன்'தான். 'விளையாடினேன்'னு சொன்னா பச்சைப் பொய்! ஜெர்ஸி நம்பர் 16. மண்டலப் போட்டியில நாலு மேட்ச். நாலுலயும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வாட்டர் பாட்டிலுக்குக் காவல். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, அம்மா ஜெர்ஸியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பரவாயில்லைடா, அழுக்காக்காம விளையாடியிருக்கியே!"ன்னாங்க. அப்போ வந்த அழுகை இருக்கே... சரி, விடுங்க.

உங்கள்ல பாதிப் பேருக்கு இப்படி ஒரு 'எக்ஸ்ட்ரா பிளேயர்' கதை இருக்கும். 'திறமை இருந்திருந்தா இறக்கியிருப்பாங்க'ன்னு நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கிட்டு, அப்புறம் கிரவுண்ட் பக்கமே தலைவெச்சுப் படுக்காம காலேஜ் வரைக்கும் வந்துட்டோம். ஆனா, திறமை இருக்கிறதால ஆட விடறாங்களா, இல்லை ஆட விடறதால திறமை வருதா?

இந்தக் கேள்வியோட பல வருஷமா மல்லுக்கட்டுற நாடு அமெரிக்கா. அங்கே ஃபுட்பால்னா ஹெல்மெட் மாட்டிக்கிட்டு முட்டிக்கிற ஆட்டம். நம்ம ஃபுட்பாலுக்குப் பேரு சாக்கர். 1964-ல கலிஃபோர்னியாவின் டோரன்ஸ்ங்கிற ஊர்ல, ஒன்பதே டீம்களோட ஆரம்பமாச்சு 'அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்'. 'எல்லாரும் ஆடணும்'ங்கிறதுதான் இவங்க தாரக மந்திரம். சும்மா போஸ்டர்ல போடறதுக்கு இல்லை, ரூல் புக்லயே இருக்கு: டீம்ல பேர் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும், ஒவ்வொரு மேட்ச்லயும், குறைஞ்சது பாதி நேரம் ஆடியே தீரணும். கில்லாடிகள் எல்லாம் ஒரே டீம்ல குவியாத மாதிரி டீம்களையும் சமமாப் பிரிக்கணும்னு இன்னொரு கொள்கை. கோச்சுகள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத அப்பா, அம்மாக்கள்.

'அதெப்படிங்க எல்லாரையும் ஆட வைக்க முடியும்?'னு கேட்கறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. பத்து வயசுக்குள்ள இருக்கிறவங்களுக்கு அங்கே டீமுக்கு ஏழு பேர்தான். மேட்ச்சை நாலு காலாப் பிரிச்சுக்கங்க. காலுக்கு ஏழு இடம்னா மொத்தம் 28 இடம். டீம்ல பத்துப் பேர் இருக்காங்கன்னா, எட்டுப் பேருக்கு மூணு கால், ரெண்டு பேருக்கு ரெண்டு கால். டேலி ஆகுதா? யாருக்கும் பாதி நேரத்துக்குக் குறையலை. ஒரு பேப்பரும் பென்சிலும் போதும். உலகக் கோப்பை மாதிரி அஞ்சு பேரைத்தான் மாத்தலாம்ங்கிற கட்டுப்பாடும் சின்னப் பசங்க மேட்ச்ல பெரும்பாலும் இல்லை. வெளியே போனவன் திரும்ப உள்ளே வரலாம். அதனால 'சான்ஸ் அமையலைப்பா'ன்னு கோச் கையை விரிக்க முடியாது.

ஆனா அமெரிக்காவுக்கு இன்னொரு முகமும் உண்டு. போட்டி கிளப்புகள்! எட்டு, ஒன்பது வயசுலயே செலெக்‌ஷன் வெச்சுத்தான் சேர்ப்பாங்க. ஃபீஸும் பயணச் செலவும் சேர்ந்து வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கரையும். வாராவாரம் வேற வேற ஊர். இவ்வளவு கொட்டிக் கொடுத்தும், உங்க பிள்ளை இத்தனை நிமிஷம் ஆடும்னு உறுதி தராத கிளப்புகள்தான் ஏராளம். மூணு மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போய், பிள்ளை பத்து நிமிஷம் ஆடறதைப் பார்த்துட்டுத் திரும்பற அப்பாவோட வயித்தெரிச்சலை நினைச்சுப் பாருங்க.

கோச் பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. தோத்துக்கிட்டே இருந்தா நல்லா ஆடற பசங்க அடுத்த வருஷம் பக்கத்து கிளப்புக்குத் தாவிடுவாங்க. நல்லா ஆடற பொண்ணோட அம்மாவும் கேட்பாங்க: "என் பொண்ணு ஒரு நாள் விடாம பிராக்டிஸுக்கு வர்றா. வராத பிள்ளைக்கும் அதே நேரமா?" கேட்க வேண்டிய கேள்விதான். பிராக்டிஸை கட் அடிச்சா நேரத்தைக் குறைங்க, யாரு வேண்டாம்னா? நான் சொல்றது, ஒரு நாள் விடாம வந்தும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பத்தி.

அந்தப் பிள்ளை ஏன் அங்கே உட்கார்ந்திருக்கு? பதில், பாதி நேரம், அதோட பர்த் சர்டிஃபிகேட்ல இருக்கு! 1980-கள்ல ரோஜர் பார்ன்ஸ்லிங்கிற கனடா நாட்டு உளவியலாளர் குடும்பத்தோட ஐஸ் ஹாக்கி மேட்ச் பார்க்கப் போனார். ஆட்டக்காரர்கள் பட்டியலைப் புரட்டின அவர் மனைவி பவுலா, "என்னங்க இது, ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சுலயே இத்தனை பேர் பொறந்திருக்காங்க?"ன்னு கேட்டாங்க. பார்ன்ஸ்லி தோண்டிப் பார்த்தா, விஷயம் நிஜம். அங்கே வயசுக் கணக்கு ஜனவரி 1-ல ஆரம்பிக்கும். ஜனவரிப் பையனும் டிசம்பர்ப் பையனும் ஒரே பிரிவு, ஆனா கிட்டத்தட்ட ஒரு வருஷம் வித்தியாசம். பத்து வயசுல ஒரு வருஷம்னா சும்மாவா? உயரமா, பலமா இருக்கிறவனை கோச் 'திறமைசாலி'ன்னு எடுக்கறார். அவனுக்கு நல்ல கோச்சிங், நிறைய மேட்ச். அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா அவன் நிஜமாவே திறமைசாலி! டிசம்பர்ப் பையன்? அவன் எப்பவோ கேரம்போர்டுக்குப் போயிட்டான்.

ஃபுட்பால்லயும் இதே கதைதான். அமெரிக்க சாக்கர்ல 2017-ல ஜனவரி 1 கணக்குக்கு மாறினாங்க. இப்போ 2026-27 சீசன்லேர்ந்து ஆகஸ்ட் 1-ன்னு பெரிய அமைப்புகள் 2025-ல அறிவிச்சிருக்கு. பிள்ளைங்க கூடப் படிக்கிறவங்களோடயே ஆடலாம், நல்லதுதான். ஆனா டிசம்பர்ப் பையனோட துரதிர்ஷ்டம் ஜூலைப் பையனுக்கு டிரான்ஸ்ஃபர் ஆகுது, அவ்வளவுதான்!

'பிஞ்சுலயே பொறுக்கி எடுத்தாத்தான் சாம்பியன் வருவான்'னு அடிச்சுச் சொல்றவங்களுக்கு நார்வே கதை கசக்கும். பிள்ளைங்க விளையாட்டுக்குன்னு 1987-லயே தனி விதிகள் போட்ட நாடு அது. சின்னப் பசங்களுக்கு ரேங்க்கும் கிடையாது, பாயின்ட்ஸ் டேபிளும் கிடையாது. அங்கே ப்ரூனேங்கிற குட்டி ஊர்ல, ஆல்ஃப் இங்வே பெர்ன்ட்சன்ங்கிற கோச் சுமார் 40 பிள்ளைகளைப் பிரிக்காம, கழிக்காம, ஒரே கூட்டமா வருஷக்கணக்கா ஆட வெச்சார். அதுல ஒரு பொடியன், டீன் ஏஜ் பாதி வரைக்கும் குள்ளமா, ஒல்லியா இருந்தான். வேற ஊரா இருந்தா பாட்டில் தூக்க விட்டிருப்பாங்க. பேரு எர்லிங் ஹாலண்ட்! அப்புறம் ஆறடி நாலு அங்குலத்தைத் தாண்டி வளர்ந்து, 2022-23 சீசன்ல பிரீமியர் லீக்ல 36 கோல் அடிச்சு ரெக்கார்டு வெச்சது உங்களுக்கே தெரியும். ஹாரி கேனை எட்டு வயசுல ஆர்சனல் 'வேணாம்'னு அனுப்பினதும், அவர் 2018 உலகக் கோப்பையில கோல்டன் பூட் வாங்கினதும் பழைய செய்தி. இவங்க எப்படியோ தப்பிச்சாங்க. தப்பிக்காதவங்க பேர் நமக்கு எப்படித் தெரியும்?

அதுக்காக ப்ளஸ் டூ பையன் வரைக்கும் எல்லாருக்கும் சரிசமமாப் பங்கு போடுங்கன்னு சொல்ல மாட்டேன். பதினாலு, பதினஞ்சு வயசுக்கு மேல இடத்தைச் சம்பாதிக்கட்டும். ஆனா பன்னிரண்டு வரைக்கும் ஆடற நேரம்தான் பாடமே. மார்க் கம்மியா வாங்கற பையனை கிளாஸுக்கு வெளியே நிறுத்திட்டு, நல்லாப் படிக்கறவனுக்கு மட்டும் பாடம் நடத்தினா ஒத்துக்குவோமா?

போன மே மாசம் எங்க ஏரியா சம்மர் கேம்ப்ல நான் அசிஸ்டன்ட் கோச். (சம்பளம்? டீ, ரெண்டு பிஸ்கட்!) கடைசி நாள் பக்கத்து கேம்ப்போட செவன்ஸ் மேட்ச். எங்ககிட்ட பத்துப் பொடிசுகள். நான் அந்த 28 கட்டத்தைப் பேப்பர்ல போட்டு, ரெண்டே கால் ஆடப்போறது யாருன்னு சீட்டுக் குலுக்கினேன். விதி பாருங்க, எங்க ஸ்டார் ஸ்ட்ரைக்கர் பேரே வந்துச்சு! கடைசிக் கால்ல ஸ்கோர் 2-2. அவன் வெளியே உட்கார்ந்து வாட்டர் பாட்டிலை உதைச்சுக்கிட்டிருந்தான். மூணு வாரமா "சார், என்னை எப்போ சார் இறக்குவீங்க?"ன்னு நச்சரிச்ச வாண்டு உள்ளே, பந்தை விட்டுட்டுக் காத்தை உதைச்சுக்கிட்டிருந்தான். 3-2-ல தோத்தோம்.

முடிஞ்சதும் ஸ்டாரோட அப்பா நேரா என்கிட்ட வந்தார். "என்ன தம்பி, என் பையன் ஆடியிருந்தா ஜெயிச்சிருக்கலாமே?"

"ஜெயிச்சிருக்கலாம் சார்"னு ஒத்துக்கிட்டேன். பேப்பரை நீட்டினேன். கட்டம் கட்டமா விரலை வெச்சு எண்ணிப் பார்த்தார்.

"அடுத்த மேட்ச்?"

"இதே பேப்பர்தான் சார். சீட்டுல பேர் மாறும்."

பேப்பரை மடிச்சுக் கையில கொடுத்துட்டு, பாட்டிலை உதைச்சுக்கிட்டிருந்த பையனைக் கூட்டிட்டுப் போனார். காத்தை உதைச்ச வாண்டோட ஜெர்ஸி மட்டும் முழுக்கச் சேறு.