தாத்தாவின் கட்டுரையை மீட்ட ஒரு வரி

கிள்ளானில் என் மாணவி ஒருத்தி, காலமான தன் தாத்தாவின் கட்டுரைகள் அடங்கிய குறுவட்டை வகுப்பிற்குக் கொண்டு வந்தாள். கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே தெரிந்தன. "தாத்தா தமிழில்தானே எழுதினார், சார்?" என்று கேட்டாள்.

கோப்பு கெட்டுப்போகவில்லை. யூனிகோடு பரவுவதற்கு முன், கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் உட்படத் தமிழ் மென்பொருள்கள் தத்தம் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. தாத்தா பயன்படுத்தியது பாமினி எழுத்துரு. அதில் ஆங்கில 'எஃப்' இருக்கும் இடத்தில் 'க' இருக்கும். 'என்' இருக்கும் இடத்தில் கொம்பு இருக்கும். அந்த எழுத்துரு கணினியில் இல்லையென்றால் ஆங்கில எழுத்துகளே தெரியும்.

ஒவ்வோர் எழுத்தையும் தேடி மாற்றிவிடலாமே என்று நினைப்பீர்கள். சிக்கல் கொம்பில்தான் இருக்கிறது. நாம் கையால் எழுதுவதுபோல், பாமினியில் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. எழுத்தை மாற்றினால் போதாது; வரிசையையும் மாற்ற வேண்டும். ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகிய மூன்றும் 18 மெய்களோடு சேர்ந்தால் 54 விதிகள் தேவை!

இங்கேதான் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' உதவுகிறது. தமிழில் இதைச் சுருங்குறித்தொடர் என்பர். குறிப்பிட்ட சொல்லைத் தேடாமல், அதன் அமைப்பைத் தேடும் முறை இது. பைத்தான் மொழியில் 54 விதிகளுக்கும் இந்த ஒரு வரி போதும்:

தேடு: ([ெேை])([க-ஹ])
மாற்று: \2\1

சதுர அடைப்புக்குள் இருப்பவற்றுள் ஏதேனும் ஒன்று வரலாம் என்று பொருள். வளைந்த அடைப்பு, கிடைத்ததை நினைவில் வைக்கும். \2\1 என்றால், இரண்டாவதை முன்னும் முதலாவதைப் பின்னும் வை என்று கட்டளை. இதை ஒருமுறை மட்டும் இயக்குங்கள். மறுமுறை இயக்கினால் 'கெட' என்பது 'கடெ' ஆகிவிடும்.

அடுத்து, கொம்பும் காலும் இணைந்து 'கொ' ஆக வேண்டும். இதற்கு எளிய மாற்றமே போதும்.

கடைசியில் ஒரு பொறி. பழைய எழுத்துருவில் 'வௌவால்' என்பதன் ஔகாரக் குறிக்கும் 'ள' எழுத்துதான். கொம்பும் 'ள'வும் அடுத்தடுத்து வந்தால் ஔகாரமாக்கு என்று சொன்னோம். வௌவால் சரியானது, ஆனால் 'வெள்ளி' சிதைந்தது! 'ள'வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ இல்லாதபோது மட்டும் மாற்று என்று நிபந்தனை சேர்த்தோம்:

தேடு: ெள(?![ா-்])
மாற்று: ௌ

(?!...) என்பது, அடுத்து இது வரக்கூடாது என்று பொருள்படும். வெள்ளி பிழைத்தது. மாணவி தாத்தாவின் முதல் கட்டுரையை வகுப்பில் உரக்கப் படித்தாள்.

ஒரே கட்டளை கோப்பு முழுவதையும் மாற்றிவிடும் என்பதால், முதலில் நகல் எடுத்து அதில் சோதியுங்கள்.

நீங்களும் முயலுங்கள்: 31/8/1957 என்ற தேதியை 1957-8-31 ஆக்க, ([0-9]+)/([0-9]+)/([0-9]+) என்று தேடினால், மாற்றும் வரியில் என்ன எழுதுவீர்கள்?