பெருங்காந்தத்தடை: சராசரி சொல்லாத செய்தி

காந்தப்புலத்தினால் உலோகங்களின் மின்தடை மாறுபடும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறியப்பட்டிருந்தது. ஆயினும் அம்மாற்றம் மிகச் சிறியதாகவே இருந்தது. 1988 இல் பிரான்சில் அல்பேர்ட் ஃபேர்ட்டின் குழுவினரும் ஜேர்மனியில் பீற்றர் குருன்பேர்க்கின் குழுவினரும் தனித்தனியே இந்நிலையை மாற்றினர். இரும்பும் குரோமியமும் மிக மெல்லியதாக மாறிமாறி அடுக்கப்பட்ட படலத்தின் மின்தடை, கடுங்குளிரில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைவதை ஃபேர்ட் குழுவினர் கண்டனர். 'பெருங்காந்தத்தடை' எனப்படும் இவ்விளைவைக் கண்டறிந்தமைக்காக இருவருக்கும் 2007 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதன் காரணம் இலத்திரனின் 'சுழல்' என்னும் பண்பில் உள்ளது. காந்த உலோகத்தில் ஒரு வகைச் சுழலுடைய இலத்திரன்கள் எளிதாகச் செல்கின்றன. எதிர்ச் சுழலுடையவை அதிகம் சிதறுகின்றன. காந்தப் பகுதிகள் யாவும் ஒரே திசையை நோக்கும்போது ஒரு வகை இலத்திரன்களுக்கு வழி திறந்துவிடுகின்றது, மின்தடை குறைகின்றது. திசைகள் முரண்பட்டால் இரு வகையினருக்கும் இடையூறே.

இவ்விளைவுக்கு அடுக்குகள் அவசியமில்லை என்பதை 1992 இல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் காட்டின. கோபாற்றும் செம்பும் சாதாரண நிலையில் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் படியவிட்டுச் சூடாக்கினால், செம்பினுள்ளே கோபாற்று சில நனோமீற்றர் அளவான மணிகளாகப் பிரிந்து நிற்கும். அடுக்குகளை அளந்து அமைப்பதைவிட இது இலகுவானது. ஆனால், ஒழுங்கின்றிச் சிதறிக்கிடக்கும் எண்ணற்ற மணிகளின் நடத்தையைக் கணிப்பது எவ்வாறு? இதற்கான கோட்பாட்டு மாதிரிகளை ஷுஃபெங் ஷாங், பீற்றர் லெவி முதலானோர் 1990களின் ஆரம்பத்தில் உருவாக்கினர். மணியின் உட்புறத்தைவிட அதன் மேற்பரப்பில் நிகழும் சிதறலே இங்கு பிரதானமானது என்பதை அவை உணர்த்தின. சிறிய மணிகளுக்குக் கனவளவோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம் என்பதால், அவற்றின் பங்கும் அதிகமாகும்.

இதில் எளிமையான விதி ஒன்றும் உண்டு. ஒரு மணியை விட்டு நீங்கும் இலத்திரன் அயல் மணியை அடைகின்றது. அவ்விரு மணிகளின் திசைகளுக்கும் இடையிலான கோணமே மின்தடையைத் தீர்மானிக்கின்றது. மணிகள் ஒன்றையொன்று பாதிக்காதவை எனக் கொண்டால், மின்தடையின் வீழ்ச்சி காந்தவாக்கத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாக அமையும். அதாவது, படலம் அரைவாசி காந்தமாகும்போது முழு வீழ்ச்சியின் காற்பங்கே கிடைக்கும்.

பரிசோதனைகள் பலவற்றில் இவ்விதி ஓரளவு பொருந்தியது. ஆனால் வேறு பலவற்றில், காந்தவாக்கம் குறைவாக உள்ள பகுதியில் வரைபின் உச்சி தட்டையாகக் காணப்பட்டது. இதற்கு இரண்டு விளக்கங்கள் தரப்பட்டன. மணிகள் அயல் மணிகளின் திசையைப் பாதிக்கின்றன என்பது ஒன்று. மணிகள் யாவும் ஒரே பருமன் கொண்டவையல்ல என்பது மற்றையது. பெரிய மணிகள் சிறு புலத்திலேயே திரும்பிவிடுகின்றன. காந்தவாக்கத்தில் அவற்றின் பங்கு பெரிது, மின்தடையில் சிறிது.

இங்குதான் நாம் கவனிக்க வேண்டிய விடயம் உள்ளது. காந்தவாக்கம் படலம் முழுவதன் சராசரியையே கூறுகின்றது. மின்தடையோ அயலவர் இருவருக்கிடையிலான உறவையும் அறிகின்றது. சராசரி பூச்சியமாக இருக்கும்போதும் அயல் மணிகள் தமக்குள் இணங்கியிருக்கலாம். ஆதலால் ஓர் அளவீட்டை மாத்திரம் கொண்டு மற்றையதை ஊகிப்பது ஆபத்தானது. அத்துடன், வெவ்வேறு மாதிரிகள் இரண்டும் ஒரே வரைபுடன் பொருந்துமாயின், பொருத்தம் மாத்திரம் எதனையும் நிரூபித்துவிடாது. இலத்திரன் நுணுக்குக்காட்டி போன்ற வேறு சாட்சியமும் வேண்டும்.

மணிப்படலங்களின் திசைகளை ஒழுங்குபடுத்த வலிய புலம் தேவைப்பட்டது. எனவே 1997 இல் ஐ.பி.எம். நிறுவனம் பெருங்காந்தத்தடையைக் கணினி வன்தட்டுகளுக்குக் கொண்டுவந்தபோது, சிறு புலத்துக்கும் இசைந்து கொடுக்கும் அடுக்கமைப்பையே அது தெரிவு செய்தது. எனினும் மணிப்படல ஆய்வு வீணாகிவிடவில்லை. மாதிரி ஒன்று பொருந்தும் இடத்தில் நாம் மகிழலாம்; அது பொருந்தாத இடத்தில்தான் கற்றுக்கொள்கின்றோம். சராசரிகளைக் கொண்டே யாவற்றையும் மதிப்பிடும் இக்காலத்தில், சில நனோமீற்றர் அளவான கோபாற்று மணிகள் புகட்டும் இப்பாடம் ஆய்வுகூடத்துக்கு மாத்திரம் உரியதன்று.