'உடைக்கவே முடியாத' திறப்பு எங்கே உடைகிறது?

குவாண்டம் திறப்புப் பரிமாற்றம் பற்றிய செய்திகளில் "எவராலும் உடைக்க முடியாதது" என்ற வாசகம் தவறாமல் வருகிறது. ஆசிரிய கலாசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவன் என்பதால் பலர் என்னிடமும் இதைக் கேட்கிறார்கள். கொள்கை உறுதியானது, கருவிதான் பலவீனமானது என்பதே என் பதில்.

1984 இல் பெனட்டும் பிரசார்ட்டும் முன்வைத்த முறையில், இரகசியத் திறப்பின் ஒவ்வொரு பிட்டும் தனியொரு போட்டனில் செல்லும். இடையில் எவரேனும் அதை அளந்தால் அதன் நிலை குழம்பும். பெறுபவரிடம் பிழைகள் கூடும், களவு அம்பலமாகும்.

ஆனால் 2010 இல் நோர்வேயின் ட்ரொன்ட்ஹெய்ம் ஆய்வாளர்கள், சந்தையில் விற்பனையான கருவிகளின் உணரிகளைப் பிரகாசமான லேசர் ஒளியால் 'குருடாக்கி'க் காட்டினர். அதன்பின் ஒட்டுக்கேட்பவர் விரும்பியதையே உணரி பதிந்தது. பிழையும் கூடவில்லை. பூட்டை விட்டுவிட்டுக் கதவின் பிணைச்சலைக் கழற்றிய கதைதான்!

இதற்கு 2012 இல் ஒரு தீர்வு வந்தது. இரு தரப்பாரும் நடுவிலுள்ள ஒரு நிலையத்துக்குப் போட்டன்களை அனுப்புவர். இரண்டும் ஒத்தவையா, வேறானவையா என்பதை மட்டுமே அது அறிவிக்கும். பிட் என்னவென்று அதற்கே தெரியாது. ஆகவே அந்த நிலையம் எதிரியின் கையில் இருந்தாலும் பாதகமில்லை.

தூரம்தான் பெரிய தலையிடி. ஒளியியல் நாரில் 100 கிலோமீற்றர் சென்றால் நூறில் ஒரு போட்டனே மிஞ்சும். 200 இல் பத்தாயிரத்தில் ஒன்று. குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க முடியாததால் சாதாரண பெருக்கியும் உதவாது. அதனால்தான் சுமார் 2000 கிலோமீற்றர் நீளமான பீஜிங் - ஷங்ஹாய் பாதையில் 32 இடைநிலையங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் திறப்பு வெளிப்படுகிறது. அங்குள்ளவர்களிடம் அதை அமானிதமாக ஒப்படைக்கிறோம், அவ்வளவுதான்.

2020 இல் சீனாவின் மிசியஸ் செய்மதி, பிணைந்த போட்டன் சோடிகளை 1120 கிலோமீற்றர் இடைவெளியிலுள்ள இரு நிலையங்களுக்கு அனுப்பியது. இங்கே செய்மதிக்கே திறப்பு தெரியாது. ஆனால் வேகம் செக்கனுக்கு 0.12 பிட். 256 பிட் திறப்பொன்றுக்கு அரை மணித்தியாலத்துக்கும் மேல் வேண்டும். செய்மதியோ சில நிமிடங்களில் கடந்துவிடும்.

பிரித்தானியாவின் தேசிய இணையப் பாதுகாப்பு நிலையம் அரச பயன்பாட்டுக்கு இதனை அங்கீகரிக்கவில்லை. அது சரியென்றே நான் நினைக்கிறேன். குவாண்டம் கணினியையும் தாங்கக்கூடிய மென்பொருள் முறைகளுக்கு 2024 ஓகஸ்டில் அமெரிக்கா நியமங்களை வெளியிட்டுவிட்டது. அவற்றுக்குப் புதிய நாரோ செய்மதியோ தேவையில்லை. மறுமுனையில் இருப்பவர் உண்மையில் யார் என்பதை உறுதிசெய்ய, குவாண்டம் முறைக்கும் அத்தகைய ஓர் ஏற்பாடு வேண்டியே இருக்கிறது.