இரு பக்கமும் இழுத்த கார்

காரில் ஓட்டும் உறுப்பு பழுதானால் வண்டி ஓடாது. அதனால் நேரமும் பணமும் வீணாகும். நிறுத்தும் உறுப்பு பழுதானால் வண்டி நில்லாது. அதனால் வருவது உயிர்ச்சேதம். ஆயினும் நம்மிற் பலர் எஞ்சினுக்குக் காட்டும் அக்கறையிற் பாதியையேனும் பிரேக்குக்குக் காட்டுவதில்லை. நானும் அப்படித்தான் இருந்தேன். ஆறு மாதங்கள் எங்கள் வீட்டுக் கார் எனக்குக் கற்பித்த பாடத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்களுடையது 1986-ஆம் ஆண்டுப் பிரிமியர் பத்மினி. தாத்தா வாங்கியது. இத்தாலிய நாட்டு ஃபியட் 1100-இன் வழித்தோன்றலாகிய இவ்வண்டி, நமக்கு அண்மையிலுள்ள குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் தொழிற்சாலையில் உருவானது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் டாக்சி என்றால் நெடுங்காலம் இதுவே மக்களின் நினைவுக்கு வரும். 2023 அக்டோபர் 30 முதல் பத்மினி டாக்சிகள் இந்நகரத் தெருக்களில் ஓடுவது நின்றுபோயிற்று. அதன் பிறகு எங்கள் வண்டியின்மேல் அப்பாவுக்கிருந்த பற்று இரு மடங்காயிற்று. அணுசக்தி நகர்க் குடியிருப்பில் அதை நிறுத்தியிருக்கும்போது, நடந்து செல்வோர் ஒரு கணம் நின்று பார்ப்பதுண்டு.

இனி, நோயைக் கூறுகிறேன். பிரேக்கை மிதித்தால் வண்டி வலப்பக்கம் இழுக்கும். காலை எடுத்துவிட்டு ஓட்டினால் இடப்பக்கம் இழுக்கும். ஒரு வண்டிக்கு இரு வேறு திசைகளில் எப்படி நோய் வரும்? மேலும், காலையில் புறப்படும்போது எந்தக் குறையும் இராது. சயான்-டிராம்பே சாலையில் பதினைந்து நிமிடம் சென்ற பிறகே குறை தலைகாட்டும். செம்பூர்ப் பட்டறையில் வண்டியை விட்டுவிட்டு வந்தால், மறுநாட்காலை ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு தம்பி!" என்பார் அண்ணாச்சி. அவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து இந்நகரில் நாற்பதாண்டு பட்டறை நடத்துபவர்.

நோயின் காரணத்தைக் காணுமுன், பிரேக் இயங்கும் முறையை அறிதல் வேண்டும். பத்மினியின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிஸ்டன் பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமற் பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் கண்ட விதி. நம் காலின் விசை 20 கிலோ என்றும், பெடலின் நெம்புகோல் அதை ஐந்து மடங்காக்குகிறது என்றும் கொள்வோம். 100 கிலோ விசை 4 சதுர சென்டிமீட்டர் பிஸ்டனைத் தள்ளினால், சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தம் உண்டாகும். இவ்வழுத்தம் குழாய்கள் வழியே வீல் சிலிண்டர்களை அடைந்து, ஷூக்களை விரித்து, டிரம்மின் உட்புறத்தில் உராயச் செய்கிறது. காலை எடுத்ததும் ஷூக்களைப் பின்னிழுத்து, திரவத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவது யாது? ஷூக்களிடையே பூட்டிய சுருள்வில் ஒன்றே. போகும்போது தள்ளுவது நெம்புகோலால் பெருகிய காலின் வலிமை. திரும்பும்போது தள்ளுவது சிறு வில்லின் வலிமை. இவ்வேற்றுமையை நண்பர்கள் மனத்திற் கொள்க.

பிரேக்கின் குறைகளைப் பெடலே பெரும்பாலும் நமக்குச் சொல்லிவிடும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. மிதித்து வைத்திருக்கும்போதே மெல்ல மெல்லக் கீழிறங்கினால், எங்கோ ஆயில் கசிகிறது; வெளியே கசிவு இல்லையேல் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கலாம். முதல் மிதியில் ஆழமாக இறங்கி, இரண்டாம் மிதியில் உயர்ந்து வந்தால், ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்துவிட்டது. நான்கு சக்கரங்களும் சேர்ந்து இறுகினால் குறை மாஸ்டர் சிலிண்டரிலோ பெடலிலோ இருக்கும். ஒரு சக்கரம் மட்டும் இறுகினால் அச்சக்கரத்தின் அருகிலேயே தேட வேண்டும்.

எங்கள் வண்டியில் இடப்பக்க முன்சக்கரமே தொட முடியாதபடி சுட்டது. எனவே அதன் ஷூக்களை மாற்றினோம், குறை தீரவில்லை. வீல் சிலிண்டரை மாற்றினோம், தீரவில்லை. பழைய ஆயிலை வெளியேற்றிப் புதிது நிரப்பினோம், அப்பொழுதும் தீரவில்லை. ஒரு மாலை அம்மாவுடன் தேவ்னார் அருகே வந்துகொண்டிருந்தேன். முன்னே சென்ற ஆட்டோ திடுமென நின்றது. பிரேக்கை அழுத்தினேன். வண்டி வலப்புறம் பாய்ந்தது. அங்கே ஒரு ஸ்கூட்டர். அதன் பின்னிருக்கையில் ஒரு சிறுமி. அவர் ஒதுங்கியதால் தப்பினோம். என் திறமையால் அன்று. அம்மா வீடு வரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

மறுநாள் பட்டறைக்குச் சென்று, "பழைய சாமானை மாட்டிவிட்டுப் புதியதற்குக் காசு வாங்கினீர்களா?" என்று நாலுபேர் முன்னிலையில் கேட்டுவிட்டேன். அண்ணாச்சி சினங்கொள்ளவில்லை. "வண்டி ஆறிப்போன பொறவு பாத்தா எப்படித் தெரியும்? நானும் கூட வர்றேன், ஓட்டுங்க தம்பி" என்று ஏறி அமர்ந்தார். மான்கூர்டு வரை சென்று, குறை தோன்றியதும் திரும்பினோம். சக்கரம் சூடாக இருக்கும்போதே ஜாக்கியால் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்தார். கையால் சுழற்றினோம், அசையவில்லை.

அவர் செய்த சோதனை மிக எளியது. முதலில், இரும்புக் குழாயும் ரப்பர் ஹோசும் சேருமிடத்தைச் சிறிது தளர்த்தினார். சில துளிகள் சொட்டின. சக்கரம் இறுகியே இருந்தது. ஆகவே மாஸ்டர் சிலிண்டர் குற்றமற்றது. மூட்டை மீண்டும் இறுக்கிவிட்டு, சக்கரத்திலுள்ள பிளீடர் திருகைத் திறந்தார். ஆயில் பீறிட்டது, சக்கரம் விடுபட்டுச் சுழன்றது. ஆகவே ஷூவும் பிஸ்டனும் சிக்கிக்கொள்ளவில்லை. அழுத்தம் அடைபட்டுக் கிடந்தது இவ்விரண்டு இடங்களுக்கும் நடுவில். நடுவில் இருப்பது ஒரு முழம்கூட இல்லாத ரப்பர் ஹோஸ் ஒன்றே!

அதைக் கழற்றி அறுத்துப் பார்த்தோம். வெளியே கீறல் இல்லை. உள்ளே ரப்பர் உப்பித் துளை ஊசிமுனையளவு குறுகியிருந்தது. எல்லாப் புதிரும் அவிழ்ந்தன. மிதிக்கும்போது இடச்சக்கரத்துக்கு ஆயில் தாமதித்துச் சென்றது. வலச்சக்கரம் முந்திப் பிடித்தது. வண்டி வலப்புறம் இழுத்தது. காலை எடுத்த பின் வலிமை குறைந்த சுருள்வில்லால் ஆயிலைத் திருப்பித் தள்ள இயலவில்லை. இடச்சக்கரம் பிடித்தபடியே இருந்தது. வண்டி இடப்புறம் இழுத்தது. உராய்வால் சூடேறிய ஆயில் விரிந்து பிடியை மேலும் இறுக்கியது. இரவு முழுதும் சிறுகச் சிறுக ஆயில் கசிந்து திரும்பியதால், காலையில் நோய் மறைந்தது. ஆயில் மாற்றிய நாளில் ஏன் கண்டுபிடிக்கவில்லை? காலால் தள்ளியபோது ஆயில் வந்தது. ஆகவே குழாய் நன்று என்று எண்ணினோம். போகும் வழியைச் சோதித்தோம். திரும்பும் வழியைச் சோதிக்கவில்லை.

பழைய கார் வைத்திருப்போர்க்குச் சில சொற்கள். ஒரு ஹோஸ் கெட்டால், அதனோடு முதிர்ந்த மற்றவற்றையும் மாற்றிவிடுக. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய நிலைக்கு வகுத்த வரம்போ 140 டிகிரிதான். பம்பாயின் மழைக்காலத்தை நினைத்தால், இரண்டாண்டுக்கொருமுறை அதை மாற்றுவது நன்று. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மிலுள்ள தூளை வாயால் ஊதாதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழையாதீர்கள்.

பாஸ்கல் விதியைத் தேர்வில் எழுதி முழு மதிப்பெண் பெற்றவன் நான். அண்ணாச்சி அப்பெயரைக் கேட்டதில்லை. ஆனால் பழுதான இடம் எது என்று உறுதி செய்யுமுன் பொருளை மாற்றுவது சிகிச்சை ஆகாது என்பதை அன்று இருவரும் சேர்ந்தே கற்றோம். நான் மன்னிப்புக் கேட்டேன். "மூணு தடவை காசு வாங்கினது என் தப்புத்தான்" என்று சொல்லி, ஹோசுக்குரிய விலையை மட்டும் பெற்றுக்கொண்டார். அடுத்த ஞாயிறன்று அம்மா தாமாகவே வந்து முன்னிருக்கையில் அமர்ந்தார்.