காருக்கு எந்த ஆயில்? கெட்டியா, நீர்த்ததா?

நாகர்கோவிலில் ஒரு வீடு. வாசலில் புதிய கார் நிற்கிறது. டர்போ என்ஜின் பொருத்திய வேகமான கார். மகன் வங்கிக் கடன் போட்டு வாங்கியது. மாதம் தவறாமல் தவணை கட்டி வருகிறார்.

தகப்பனார் பழைய டிரைவர். அம்பாசிடர் டாக்சி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். மகன் வாங்கி வந்த ஆயில் டப்பாவைத் திறக்கிறார். ஒரு சொட்டை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்க்கிறார். முகம் சுளிக்கிறார்.

"என்ன மக்களே, வெள்ளம் மாதிரி இருக்கு? நம்ம ஊர் வெயிலுக்கு இது தாங்குமா? நல்ல கெட்டி ஆயிலா வாங்கி ஊத்து."

"அப்பா, கார் புத்தகத்திலே இதைத்தான் போட்டிருக்கு."

"புத்தகம் எழுதினவனுக்கு நம்ம ஊர் வெயில் தெரியுமா?"

இப்படிப்பட்ட பேச்சு கார் உள்ள பல வீடுகளில் நடக்கக் கூடியதுதான். தகப்பனார் சொல்வது சரியா? மகன் சொல்வது சரியா? இது வெறும் வீட்டு வாதம் அல்ல. ஆயில் தவறினால் என்ஜின் தேயும். என்ஜின் கெட்டால், கடன் தீரும் முன்பே கார் ஒர்க்‌ஷாப்பில் போய்ப் படுத்துக் கொள்ளும். ஆகவே, விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

கருப்பட்டிப் பாகு

கருப்பட்டி காய்ச்சும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். சூடாக இருக்கும்போது பாகு கரண்டியில் இருந்து ஒழுகி ஓடுகிறது. ஆறினால், அதே பாகு மெல்ல இறங்குகிறது. பிறகு அசைய மறுக்கிறது.

ஆயிலும் அப்படித்தான். குளிர்ந்தால் கெட்டிப்படும். சூடானால் நீர்த்துப் போகும். ஒரு திரவம் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது, எவ்வளவு தயங்குகிறது என்பதற்குத்தான் "பாகுத்தன்மை" என்று பெயர். பாகு என்ற சொல்லே அதில் இருக்கிறது!

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைந்து போகிறது. பக்கத்தில் இருக்கும் நல்லெண்ணெய் உறைவது இல்லை. எல்லா எண்ணெயும் ஒன்று அல்ல என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும்.

தக்கையைத் தள்ளிய எண்ணெய்

என்ஜினுக்குள் ஆயில் என்ன வேலை செய்கிறது? 1883-ம் ஆண்டில் இங்கிலாந்தில் இதற்கு ஒரு வேடிக்கையான விடை கிடைத்தது.

பீச்சம் டவர் என்ற பொறியாளர், சுழலும் அச்சையும் அதைத் தாங்கும் உலோகத்தையும் வைத்து ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காக மேலே ஒரு துளை போட்டார். அச்சு சுழன்றதும், எண்ணெய் உள்ளே போவதற்குப் பதிலாக வெளியே வந்தது! துளையைத் தக்கையால் அடைத்தார். எண்ணெய் தக்கையை வெளியே தள்ளியது. மரக்கட்டையால் அடைத்தார். அதையும் தள்ளிவிட்டது.

அப்போதுதான் உண்மை விளங்கியது. அச்சு சுழலும்போது, எண்ணெயை இடுக்குக்குள் இழுத்துச் செல்கிறது. அந்த எண்ணெய் பெரும் அழுத்தத்துடன் அச்சையே தூக்கிப் பிடிக்கிறது. இரும்பு இரும்பைத் தொடுவது இல்லை. நடுவில் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. 1886-ல் ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் என்ற விஞ்ஞானி இதற்குக் கணக்கு எழுதினார்.

கார் என்ஜினிலும் இதுதான் நடக்கிறது. அந்தப் படலத்தின் கனம் ஒரு தலைமயிரின் கனத்தைவிட மிக மிகக் குறைவு. அதை நம்பித்தான் லட்ச ரூபாய் என்ஜின் ஓடுகிறது.

ஆயில் அதிகமாக நீர்த்துப் போனால் படலம் கிழியும். இரும்பு உரசும். அதிகமாகக் கெட்டியாக இருந்தாலோ, போக வேண்டிய இடத்துக்கு நேரத்தில் போய்ச் சேராது. அங்கும் இரும்பு உரசும். இரண்டும் கெடுதல்தான்.

டப்பா மேல் 2 எண்கள்

ஆயில் டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும். அல்லது 0டபிள்யூ-20, 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 என்று இருக்கும். அமெரிக்க மோட்டார் பொறியாளர் சங்கம் 1911-ல் தொடங்கிய வரிசை இது. பல முறை திருத்தப்பட்டு, இன்று உலகம் முழுவதும் நடப்பில் இருக்கிறது.

"டபிள்யூ" என்றால் குளிர்காலம் என்று பொருள். "வின்டர்" என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் இருக்கும் எண், குளிரில் ஆயில் எப்படி நடந்து கொள்ளும் என்பதைக் காட்டும். எண் குறைந்தால், குளிரிலும் நன்றாக ஓடும். 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியில் சோதிப்பார்கள். 5டபிள்யூ ஆயிலை மைனஸ் 30 டிகிரியில் சோதிப்பார்கள்.

பின்னால் இருக்கும் எண், என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைச் சொல்லும். இதை 100 டிகிரி உஷ்ணத்தில் அளப்பார்கள். 20-ஐ விட 30 கெட்டி. 30-ஐ விட 40 கெட்டி.

ஒரே ஆயிலுக்கு 2 குணம் எப்படி வந்தது? அதில் நீளமான நூல் போன்ற ஒரு ரசாயனப் பொருள் கலக்கிறார்கள். குளிரில் அது நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கும். சூட்டில் விரிந்து, ஆயில் அதிகமாக நீர்த்துப் போகாமல் பார்த்துக் கொள்ளும். நாள் ஆக ஆக அந்த நூல்கள் அறுபடும். ஆயிலைக் காலாகாலத்தில் மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

காஷ்மீர் முதல் குமரி வரை

நம் நாட்டின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை 44-ம் எண் சாலை. அது ஸ்ரீநகரில் தொடங்கி, கன்னியாகுமரியில் முடிகிறது. ஒரு முனையில் குளிர்காலத்தில் தண்ணீர் உறைகிறது. மறு முனையில் கடல் காற்று வீசுகிறது. பனி என்பதே கிடையாது.

ஸ்ரீநகரில் ஒரு கார் புறப்பட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளைத் தாண்டிக் குமரிக்கு வருகிறது என்று வைத்துக் கொள்வோம். வழியில் எத்தனை முறை ஆயில் மாற்ற வேண்டும்? ஊர் உஷ்ணத்துக்காக ஒரு தடவைகூட மாற்ற வேண்டாம்!

ஏன் தெரியுமா? ஊரின் சூடு வேறு. என்ஜினின் சூடு வேறு. என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் உஷ்ணத்தைத் "தெர்மோஸ்டாட்" என்ற கருவி ஏறத்தாழ 90 டிகிரியில் வைத்திருக்கிறது. வெளியே 5 டிகிரி குளிரானாலும், 35 டிகிரி வெயிலானாலும், சூடேறிய என்ஜின் தன் அளவிலேயே நிற்கிறது.

ஆகவே, "நம்ம ஊர் வெயில்" என்பது தகப்பனார் நினைக்கிற அளவுக்குப் பெரிய காரணம் அல்ல. என்ஜினுக்கு எவ்வளவு வேலை கொடுக்கிறோம் என்பதுதான் பெரிய காரணம். ஆள் நிறைய ஏற்றி, மலை ஏறி, நெடுநேரம் விரட்டி ஓட்டினால் ஆயிலின் சூடு 120 டிகிரிக்கு மேலும் போகக் கூடும்.

தகப்பனார் கண்ட அனுபவம்

தகப்பனார் சொன்னது வெறும் பிடிவாதம் அல்ல. அவர் ஓட்டிய அம்பாசிடர் 2014-ல் உற்பத்தி நின்று போன கார். அந்தக் கால என்ஜின்களில் பாகங்களுக்கு நடுவே இடைவெளி தாராளமாக இருக்கும். தேய்ந்த பிறகு இன்னும் விரியும். நீர்த்த ஆயில் ஊற்றினால் புகையும், சத்தம் கேட்கும். கெட்டி ஆயில் ஊற்றினால் அடங்கும்.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. முதலாம் உலகப் போர் நடந்தபோது, பல விமான என்ஜின்களில் விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள்! பந்தயக் கார்களுக்கும் அதுவே உகந்ததாக இருந்தது. சூடான உலோகத்தில் அது நன்றாக ஒட்டி நிற்கும். "காஸ்ட்ரால்" என்ற பெயரே விளக்கெண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் இருந்து 1909-ல் பிறந்ததுதான். ஆனால் விளக்கெண்ணெய் பிசின் போலப் படிந்து விடும். அந்தக் காலத்துக்கு அது சரி. இந்தக் காலத்துக்கு ஆகாது.

புதிய என்ஜினின் குணம்

புதிய டர்போ என்ஜின் வேறு ரகம். இடைவெளிகள் மிகச் சிறியவை. டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும். அதைத் தாங்குவதும் ஆயில் படலமே. புகை போகும் பக்கத்தில் கொதிக்கும் சூடு வேறு. பல கார்களில், வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவியும் ஆயிலின் அழுத்தத்தால்தான் இயங்குகிறது.

காலையில் சாவி போட்டதும் ஆயில் இங்கெல்லாம் ஓடோடிப் போக வேண்டும். நாஞ்சில் நாட்டுக் காலை நமக்கு இதமாக இருக்கலாம். ஆனால் 100 டிகிரியில் வேலை செய்யும் ஆயிலுக்கு அதுவும் குளிர்தான்! 40 டிகிரியில் அளந்தால், 20டபிள்யூ-50 ஆயில் 0டபிள்யூ-20 ஆயிலைப் போல 3 மடங்குக்கும் மேல் கெட்டியாக இருக்கும். என்ஜின் தேய்வதற்கு ஏதுவான நேரங்களில், குளிர்ந்த என்ஜினைக் கிளப்பும் நேரமும் ஒன்று. பனியே இல்லாத ஊருக்கும் "டபிள்யூ" எண் வேண்டும் என்பது இதனால்தான்.

கெட்டி ஆயிலைத் தள்ளுவதற்குப் பலமும் அதிகம் வேண்டும். அதனால் பெட்ரோல் செலவு கூடும்.

நீர்த்தது எல்லாம் நல்லதா?

அப்படியானால், கிடைப்பதில் மிக நீர்த்ததை வாங்கி ஊற்றலாமா? கூடாது! சில ஜப்பானிய கார்களுக்கு 0டபிள்யூ-16 என்ற மிக நீர்த்த ஆயில் உண்டு. பெட்ரோலை மிச்சப்படுத்துவதற்காக, அதற்கென்றே அமைத்த என்ஜின்கள் அவை. 40-ம் எண் ஆயிலுக்காகச் செய்த வேகமான காரில் அதை ஊற்றினால், விரட்டி ஓட்டும்போது படலம் தாங்காது.

சில கார் புத்தகங்களில் 2 அல்லது 3 எண்களுக்கு அனுமதி இருக்கும். அங்கேதான் உரிமையாளர் யோசித்துத் தேர்ந்தெடுக்கலாம். கோட்டாறு கடைத்தெரு, வடசேரி பஸ் நிலையம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று ஊருக்குள் ஓடும் காருக்கு, அனுமதித்தவற்றில் நீர்த்தது போதும். மதுரைக்கும் சென்னைக்கும் வேகமாகப் போய் வரும் காருக்கு, அனுமதித்தவற்றில் கெட்டியானது நல்லது. அனுமதி இல்லாததை எடுக்கவே கூடாது.

ஊருக்குள் மட்டும் ஓடும் டர்போ காருக்கு ஒரு சங்கடம் உண்டு. என்ஜின் முழுவதும் சூடேறும் முன்பே வீடு வந்து விடும். எரியாத பெட்ரோல் கொஞ்சம் கசிந்து ஆயிலில் கலக்கும். ஆயில் மேலும் நீர்த்துப் போகும். ஆகையால், கிலோ மீட்டர் கணக்கு ஆகாவிட்டாலும், மாதக் கணக்கு வந்ததும் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.

எழுத்தையும் பாருங்கள்

எண் மட்டும் பொருந்தினால் போதாது. டப்பாவில் ஏ.பி.ஐ. என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் தரமும் இருக்கும். பெட்ரோல் காருக்கு "எஸ்" என்று தொடங்கும். எஸ்.பி. தரம் 2020-ல் வந்தது. எஸ்.க்யூ. தரம் 2025-ல் வந்தது. டர்போ என்ஜின்களில் பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துப் பிஸ்டனை உடைக்கும் ஆபத்து உண்டு. அதைக் குறைக்கும் குணம் இந்தப் புதிய தரங்களில் இருக்கிறது. டீசல் கார்களில், புகையை வடிகட்டும் "பில்டர்" அடைபடாமல் இருக்க, சாம்பல் குறைந்த ஆயில் தேவை. ஐரோப்பிய கார் கம்பெனிகள் தங்களுக்கென்று தனி அனுமதி எண் வைத்திருப்பதும் உண்டு. புத்தகத்தில் அந்த எண் இருந்தால், டப்பாவிலும் அதே எண் இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

கார் புத்தகம் டாஷ்போர்டு பெட்டிக்குள் இருக்கும். அதில் ஆயில் பக்கத்தை எடுங்கள். எண்ணையும் தரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கடையில் காட்டி வாங்குங்கள். ஒர்க்‌ஷாப்பில் மாற்றுவதானால், டப்பாவை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

மாதம் ஒரு முறை, சமதளத்தில் காரை நிறுத்தி, புத்தகத்தில் சொன்ன முறைப்படி அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். ஆயில் 2 கோடுகளுக்கு நடுவே இருக்க வேண்டும். குறைந்தாலும் கெடுதல். கூடினாலும் கெடுதல். அளவு தானாகக் கூடியிருந்தால், பெட்ரோல் கலந்திருக்கலாம். உடனே காட்டுங்கள்.

இனி நாகர்கோவில் வீட்டுக்குத் திரும்புவோம். மகன் புத்தகத்தைக் கொண்டு வந்து கொடுக்கிறார். தகப்பனார் கண்ணாடியைப் போட்டுக் கொண்டு, எழுத்துக் கூட்டிப் படிக்கிறார். பிறகு டப்பாவைத் திருப்பிப் பார்க்கிறார். இரண்டிலும் ஒரே எண்.

"சரி மக்களே, ஊத்து. ஆனா மாசாமாசம் கம்பியை எடுத்துப் பாக்க மறந்திராதே."

மகன் சொன்ன எண்ணும் சரி. தகப்பனார் சொன்ன கவனமும் சரி. காருக்கு இரண்டும் வேண்டும்.