"உதை ஆர் திருத்துறது?": பத்து வயசு மொடல் எஸ் பார்க்கப் போன கதை

போன எபிசோட்டில், பழைய டெஸ்லா மொடல் எஸ் ஒன்று பார்க்கப் போறன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்த மெசேஜ்களில் பாதி "வாங்கிட்டியா?", மீதிப் பாதி "உனக்கென்ன விசரா?". பதிலை எழுத்தில் தருகிறேன். மைக்கில் சொன்னால் பக்கத்தில் இருப்பவன் குறுக்கே கதைத்துக் கெடுத்துவிடுவான்.

கார் 2015ஆம் ஆண்டு மொடல் எஸ் 85. கறுப்பு. ஓடினது 148,000 கிலோமீட்டர். தனியார் விற்பனை, கேட்ட விலை 36,000 டாலர். புதுசாக வந்தபோது இதே கார் ஒரு லட்சம் டாலருக்கு மேல், அதுக்கு மேலே லக்ஷரி கார் டாக்ஸ் வேறு. 2014 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் முதல் மொடல் எஸ்கள் சிட்னியில் கைமாறினபோது நான் இயர் 10. அந்தப் படங்களை ஸ்கூல் பஸ்ஸில் இருந்து பார்த்துப் பெருமூச்சு விட்டது இப்பவும் ஞாபகம். ஆகவே சொல்லிவைக்கிறேன், நான் நடுநிலையான ஆள் இல்லை.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இருபது வருசமாகக் கம்ரியைத் தவிர வேறு கார் வாங்காத மனிசன். காரைச் சுற்றி ஒரு ரவுண்ட் வந்தார், ரயரை ஒரு தட்டுத் தட்டினார், பிறகு என்னைத் தனியே இழுத்துக் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, உதை ஆர் திருத்துறது?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராது, பொருளாதாரத் தடை. ஊரில் இருந்த ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் நாலு துளி பெற்றோலில் ஸ்டார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின காலம். கையில் ஸ்பானர் இருக்கிற எவரும் காரைத் திறந்து பார்க்கலாம். நாற்பது வயசுக் காரை ஓட வைத்த ஊரில் வளர்ந்தவருக்கு, பத்து வயசுக் காரைப் பார்த்து நான் பயப்படுவது விளங்கவில்லை. எனக்கோ அவர் கேட்டதுக்குப் பதில் தெரியவில்லை.

சரி, காருக்கு வருவம். 85இன் பற்றரிப் பெட்டிக்குள் பேனா டோர்ச்சுக்குப் போடுகிற பற்றரியைவிடக் கொஞ்சம் பெரிய செல்கள் 7,104 இருக்கின்றன. 74 செல் சேர்ந்து ஒரு கூட்டம், அப்படி 96 கூட்டங்கள் வரிசையாக, மொத்தம் கிட்டத்தட்ட 400 வோல்ட். எல்லாரும் கேட்கிற கேள்வி "ரேஞ்ச் எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்பதுதான். அமெரிக்க அளவீட்டில் புதுசில் 426 கிலோமீட்டர். இந்தக் கார் முழுச் சார்ஜில் 378 காட்டியது. பத்து வருசத்துக்கு இது மோசமில்லை. ஆனால் இப்படிப் பழைய பெட்டிகள் மெல்ல மெல்லத் தேய்ந்துதான் சாகும் என்றில்லை. ஒரு கூட்டம் மற்ற 95ஐ விட்டு விலகினால் போதும், முழுப் பெட்டியும் முடங்கிவிடும். தொடக்ககாலக் கார்களில் ஏசியில் இருந்து வடியும் தண்ணீர் பெட்டியின் முன்பக்கம் விழுந்து, துருப்பிடித்து, உள்ளே ஈரம் போவது தெரிந்த வியாதி. ஆகவே ரேஞ்ச் எண்ணை மட்டும் பார்க்காதீங்கோ. ஓபிடி கேபிளும் ஸ்கேன் மை டெஸ்லா ஆப்பும் கொண்டுபோய், கூட்டங்களுக்கு இடையில் எத்தனை மில்லிவோல்ட் வித்தியாசம் என்று பாருங்கோ. நான் பார்த்த காரில் அது சின்ன எண்தான். மனசு துள்ளியது, அதையும் ஒளிக்கவில்லை.

துள்ளலை அடக்கியது கடதாசிகள். 85க்கு பற்றரி, மோட்டர் வாரண்டி 8 வருசம், கிலோமீட்டர் கணக்கில்லை. அதாவது இந்தக் காருக்கு 2023இலேயே முடிந்துவிட்டது. டீலரிடம் வாங்கினால் பரவாயில்லை என்று நினைக்காதீங்கோ: நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் டீலர் தரவேண்டிய 3 மாத வாரண்டி பத்து வயசுக்குக் கீழே, 160,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓடின கார்களுக்குத்தான். பிங்க் ஸ்லிப் எடுக்கேக்க பிரேக், ரயர், லைட் பார்ப்பார்கள். மெல்பேர்ண் ஆட்களின் ரோட்வேர்தியும் அப்படித்தான். காரின் விலையில் பாதிக்கு மேல் பெறுமதியான பற்றரி எப்படி இருக்கிறது என்று ஒரு சேர்ட்டிபிக்கட்டும் சொல்லாது. பிபிஎஸ்ஆர் தேடலுக்குச் சில டாலர்தான், கட்டாயம் செய்யுங்கோ. கடன் பாக்கி இருக்கா, ரைட்‑ஓஃப் ஆன காரா என்று சொல்லும், பற்றரியைப் பற்றி மௌனம்தான்.

இனி எங்கள் ஆட்களுக்குப் பிடித்த பகுதி, உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர். முதல் தலைமுறைத் திரைக்குப் பின்னால் டெக்ரா 3 சிப்பும் வெறும் 8 ஜிபி பிளாஷ் மெமரியும். கார் ஓயாமல் லொக் எழுதி எழுதி அந்த மெமரி தேய்ந்து போகும். போனால் ரிவர்ஸ் கமராவும் போகும். அமெரிக்காவில் 2021இல் இதுக்காக ஏறத்தாழ 135,000 கார்களைத் திருப்பி அழைத்தார்கள். நான் பார்த்த காரில் அதை ஏற்கெனவே மாற்றியிருந்தார்கள், ரசீதும் இருந்தது. 3ஜி மோடம்? 2015 நடுப்பகுதிக்கு முந்தைய கார்களில் அதுதான். 2024 அக்டோபர் 28 முதல் டெல்ஸ்ட்ரா 3ஜியை மூடத் தொடங்கினதோடு அவை ஊமையாகிவிட்டன. வைஃபை இல்லாத இடத்தில் போன் ஆப் காரைக் கண்டுபிடிக்காது. இந்தக் காலத்துக் கார்களின் சார்ஜ் வாசல் டைப் 2. சிசிஎஸ்2 வயர் மட்டும் இருக்கிற புது சார்ஜர்களில் போட வேண்டுமென்றால் உள்ளே ஒரு மாற்றமும் வெளியே ஒரு அடப்டரும் வேண்டும். "ஃப்ரீ சூப்பர்சார்ஜிங் இருக்கு" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், கைமாறின பிறகும் இருக்குமா என்று எழுத்தில் கேளுங்கோ.

கார் உங்களுடையது, மென்பொருள் அவர்களுடையது என்பதையும் மறக்கக் கூடாது. 2019இல் வந்த ஒரு அப்டேட் சில பழைய மொடல் எஸ்களின் பற்றரி வோல்டேஜைக் குறைத்தது, ஒரே இரவில் ரேஞ்ச் இறங்கியது. அமெரிக்காவில் வழக்குப் போட்டு, 2021இல் காருக்கு 625 டாலர் என்று சமரசம் ஆனது.

அப்பாவின் கேள்விக்குச் சட்டத்தில் பாதிப் பதில் இருக்கிறது. 2022 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் கார் கொம்பனிகள் திருத்தும் தகவல்களை நியாயமான விலைக்கு வெளிக் கராஜ்களுக்கும் கொடுக்க வேண்டும். 2002க்குப் பிறகு செய்த கார்கள் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் உயர் வோல்டேஜ் சம்பந்தப்பட்ட தகவலுக்குத் தகுதி காட்ட வேண்டும். அது சரிதான், 400 வோல்ட் விளையாட்டுச் சாமான் இல்லை. அப்பா மேஸ் ஹில் முருகன் கோயிலில் விசாரித்து ஒரு கராஜ்காரரைப் பிடித்தார். அவர் சொன்னது: "சஸ்பென்ஷன், பிரேக், ஏசி எல்லாம் செய்து தருவன் தம்பி. பற்றரிப் பெட்டியை மட்டும் நான் தொடமாட்டன்." எனக்கு அவரைப் பிடித்துப்போனது. அந்தப் பெட்டியை மாற்ற எவ்வளவு என்று நான் கேட்ட இடமெல்லாம் 20,000 டாலருக்கு மேல்தான் சொன்னார்கள்.

36ம் 20ம் 56. வீட்டு டெபொசிட்டுக்குச் சேர்த்த காசு அது. அம்மா இன்னும் இதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை, அதுதான் பயம். 31,000 என்று கேட்டுப் பார்த்தேன், விற்கிறவர் 34க்குக் கீழே இறங்கமாட்டேன் என்றார். அவரில் பிழையில்லை, காரை நல்லாகத்தான் வைத்திருந்தார். கைகொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது கண் வைத்திருப்பது 2019 கடைசியில் வந்த ஒன்று, கேட்பது 55,000. பற்றரி வாரண்டி 2027 கடைசிவரை, சிசிஎஸ்2 ஏற்கெனவே இருக்கு. இரண்டு வருசத்தில் அதே கேள்வி திரும்பி வரும், தெரியும். வலதுபக்க ஸ்டியரிங் மொடல் எஸ் இனி இல்லை என்று 2023இலேயே டெஸ்லா சொல்லிவிட்டது, ஆகவே எங்கள் பக்கத்து டாஷ்போர்ட், ஸ்டியரிங் பாகங்கள் நாளுக்கு நாள் அரிதாகும். அதுவும் தெரியும்.

கார் இருப்பது மெல்பேர்ணில், கிளென் வேவர்லி. வாங்கினால் ஓட்டிக்கொண்டுதான் வர வேண்டும், கிட்டத்தட்ட 900 கிலோமீட்டர். வழியில் எங்கே சார்ஜ் போடுறது என்று அப்பா கேட்டார். வொடொங்காவில் ஒருக்கா, கோல்பேர்னில் ஒருக்கா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப சாப்பாடு கட்டிக்கொண்டு போவம்."